யுன் உங்-நியோல்: ஒரு கொரியத் தளபதி, அவர் குடும்பம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியாவின் கடைசி அரச காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், யுன் சி-ஹோ என்ற பெயரும் ஜனாதிபதி யுன் போ-சொன் என்ற பெயரும் சீக்கிரமே வந்துவிடும். "இவங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்பார்கள். அங்கிருந்து பேச்சு இன்னொரு பெயருக்குப் போகும்: யுன் உங்-நியோல். தளபதி, அமைச்சர், சீர்திருத்தவாதி, கடைசியில் ஜப்பான் கொடுத்த பட்டத்தை வாங்கியவர். இவரைப் பற்றி நண்பர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

முதல்ல இவர் யாருன்னு சுருக்கமா சொல்லுங்க.

யுன் உங்-நியோல் 1840இல் இன்றைய தென்கொரியாவின் ஆசான் பகுதியில் பிறந்தார். 1911இல் இறந்தார். அப்போது கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசின் படை அதிகாரி. கொரியாவில் நவீன முறையில் பயிற்சி பெற்ற முதல் படைப்பிரிவை நடத்தியவர்களில் ஒருவர். பிறகு காவல்துறைத் தலைவர், மாகாண ஆளுநர், சட்ட அமைச்சர், ராணுவ அமைச்சர் என்று பல பதவிகளில் இருந்தார்.

அவர் வாழ்ந்த எழுபத்தொரு ஆண்டுகளில் கொரியா கதவை அடைத்து வைத்த நாடாக இருந்து, துறைமுகங்களைத் திறந்து, பேரரசாகப் பெயர் மாற்றிக்கொண்டு, பின் ஜப்பானிடம் முழுவதுமாகப் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் இவர் எங்காவது ஓர் ஓரத்திலாவது இருக்கிறார். இவரைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பெரிய வீட்டுப் பிள்ளையா, இல்ல கீழ இருந்து மேல வந்தவரா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஹேப்யோங் யுன் என்ற பழைய குலம் அவருடையது. 1590களில் ஜப்பானியப் படையெடுப்பின்போது அரசவையில் முக்கிய அமைச்சராக இருந்த யுன் டு-சு இந்தக் குலத்து முன்னோர். ஆனால் உங்-நியோல் பிறந்தபோது அவர்கள் கிளைக்குத் தலைநகரில் சொல்லிக்கொள்ளும்படி செல்வாக்கு கிடையாது. அப்பா யுன் சுவி-டோங்.

உங்-நியோல் 1856இல், பதினேழு வயதுகூட நிறையாத பருவத்தில், ராணுவத் தேர்வில் தேறினார். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜோசோனில் மதிப்பெல்லாம் இலக்கியத் தேர்வு எழுதி வந்த அதிகாரிகளுக்குத்தான். வாள் பிடித்தவர் எவ்வளவு உயர்ந்தாலும் எழுத்தாணி பிடித்தவருக்கு ஒரு படி கீழேதான் உட்கார வேண்டும். இந்த மனிதர் பிற்பாடு மாற்றத்தை விரும்பியதற்கும், தன் மகன் சி-ஹோவைப் படை பக்கமே விடாமல் மொழி படிக்க அனுப்பியதற்கும் இந்த அனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

படை அதிகாரிக்கு சீர்திருத்த எண்ணம் எப்படி வந்துச்சு?

1880இல் கிம் ஹோங்-ஜிப் தலைமையில் கொரிய அரசு ஜப்பானுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அதில் ராணுவ அதிகாரியாக உங்-நியோல் போனார். பேரரசரை முன்னிறுத்தி நாட்டை நவீனமாக்கத் தொடங்கிய மேய்ஜி மாற்றத்துக்குப் பிறகு பன்னிரண்டே ஆண்டுகளில் ஜப்பான் கட்டாய ராணுவ சேவை, ரயில், தந்தி எல்லாம் கொண்டுவந்திருந்தது. இங்கே கொரியப் படையிலோ வீரர்களுக்கு மாதச் சம்பளமே ஒழுங்காகப் போகவில்லை. நாற்பது வயதான ஒரு படைத்தலைவருக்கு இந்த வித்தியாசம் புரிய அதிக நாள் தேவைப்பட்டிருக்காது.

அடுத்த ஆண்டே, 1881இல், பதினாறு வயது மகன் சி-ஹோ ஜப்பானுக்குப் போனான். அரசர் அனுப்பிய பார்வையாளர் குழுவில் இருந்த ஓ யுன்-ஜுங் என்ற அதிகாரியின் உதவியாளாகப் போய், குழு திரும்பிய பிறகும் டோக்கியோவிலேயே தங்கிப் படித்தான். வெளிநாட்டில் படித்த முதல் கொரிய மாணவர்களில் அவனும் ஒருவன்.

1882 கலகத்துல இவர் பங்கு என்ன? அந்தக் கலகம் எதனால வந்துச்சு?

அடிப்படைக் காரணம் சம்பளம். 1881இல் பியோல்கிகுன் என்ற சிறப்புப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் எண்பது பேர். ஜப்பானிய அதிகாரி ஹோரிமோடோ ரெய்சோ பயிற்சி கொடுத்தார். அரசியின் உறவினர் மின் யோங்-இக் மேற்பார்வை. படையை நேரடியாக நடத்திய தளபதிகளில் ஒருவர் உங்-நியோல். புதுச் சீருடை, புதுத் துப்பாக்கி, நல்ல கவனிப்பு என்று இந்த எண்பது பேருக்கு எல்லாம் கிடைத்தது. பழைய படைவீரர்களுக்கோ பதின்மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

1882 ஜூலையில் ஒரு மாதச் சம்பளமாவது தருகிறோம் என்று அரிசி அளந்தார்கள். மூட்டையைப் பிரித்தால் மணலும் உமியும் கலந்திருந்தது, அளவும் குறைவு. கொதித்துப்போன வீரர்கள் அளந்தவர்களை அடித்தார்கள். களஞ்சியப் பொறுப்பாளரான மின் க்யோம்-ஹோ அவர்களைச் சிறையில் தள்ளினார். அதோடு ஊரே திரண்டது. மின் க்யோம்-ஹோ கொல்லப்பட்டார். ஹோரிமோடோவும் கொல்லப்பட்டார். அரசி மாறுவேடத்தில் தப்பினார். ஜப்பானியத் தூதர் ஹானாபுசா தூதரகத்துக்குத் தீ வைத்துவிட்டு இஞ்சோன் கடற்கரைக்கு ஓடி, ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏறிப் பிழைத்தார்.

கூட்டம் வருகிறது என்று தூதரகத்துக்கு முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி அனுப்பியவர் உங்-நியோல்தான். அவரும் ஊரில் இருந்தால் உயிர் மிஞ்சாது என்று ஜப்பானுக்குத் தப்பினார். அப்பா அகதி, மகன் மாணவன் என்று இருவரும் சில காலம் ஒரே நாட்டில் இருந்தார்கள்.

நான் இதில் கலகக்காரர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். சீர்திருத்தம் வேண்டாம் என்று அவர்கள் தெருவுக்கு வரவில்லை. தங்கள் வயிற்றில் அடித்துவிட்டு எண்பது பேருக்கு மட்டும் நடந்த சீர்திருத்தத்தைப் பார்த்துத்தான் கொதித்தார்கள். பியோல்கிகுன் படையின் தலைமையில் இருந்தவர் என்ற முறையில் உங்-நியோலுக்கும் அதில் பொறுப்பு உண்டு.

1884 ஆட்சிக் கவிழ்ப்புல இவரும் சேர்ந்தாரா இல்லையா? ஒரு இடத்துல அமைச்சர்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல எதிர்த்தார்னு இருக்கு.

இரண்டுமே சரி. அதனால்தான் குழப்பம்.

1883இல் நாடு திரும்பிய உங்-நியோல், வடகிழக்கில் ஹாம்க்யோங் மாகாணத்தின் தெற்குப் படைத்தலைவர் ஆனார். புக்சோங் என்ற ஊரில் இருந்தபடி சில நூறு பேரைத் திரட்டி நவீன முறையில் பயிற்சி கொடுத்தார். பாக் யோங்-ஹ்யோ என்ற இளம் சீர்திருத்தவாதியும் தலைநகருக்கு அருகில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். கிம் ஓக்-க்யூன் தலைமையிலான சீர்திருத்தக் குழு இந்தப் படைகளைத் தங்கள் பலமாக நினைத்தது.

1884 டிசம்பர் 4 அன்று, புதிய அஞ்சல் நிலையத் திறப்பு விருந்தில், ஜப்பானியத் தூதரகத்தின் துணையோடு அந்தக் குழுவின் கவிழ்ப்பு தொடங்கியது. மின் யோங்-இக் வெட்டுப்பட்டார். அரசர் வேறு அரண்மனைக்கு அழைத்துப்போகப்பட்டார். பல அமைச்சர்கள் கொல்லப்பட்டார்கள். புது அமைச்சரவைப் பட்டியலில் நீதித்துறைக்கு நேராக யுன் உங்-நியோல் பெயர் இருந்தது. அவரைக் கேட்டுப் போட்ட பெயராகத் தெரியவில்லை.

அவர் அப்போது என்ன நினைத்தார் என்பது மகனின் நாட்குறிப்பில் இருக்கிறது. இது ஏன் தோற்கும் என்பதற்கு அப்பா ஆறு காரணங்கள் சொன்னதாக சி-ஹோ எழுதி வைத்திருக்கிறார். சாரத்தைச் சொல்கிறேன். அரசரை மிரட்டிக் காரியம் சாதிப்பது நெறி இல்லை. அந்நியரை நம்பிச் செய்தது நெடுநாள் நிற்காது. மக்கள் மனம் ஒப்பவில்லை, உள்ளுக்குள்ளேயே கலகம் வெடிக்கும். பக்கத்திலேயே சீனாவின் சிங் அரசுப் படை உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் பேர் நிறைய பேரை எதிர்த்து நிற்க முடியாது. அரசியின் மின் குடும்பத்தாரையும் அரசருக்கு வேண்டியவர்களையும் கொன்றாயிற்று, இனி அரசரும் அரசியும் மன்னிக்கப் போவதில்லை. கடைசியாக, கையில் இருக்கும் நாலு பேரை வைத்துக்கொண்டு ஓர் அரசவையை நடத்த முடியாது.

எல்லாமே பலித்தது. யுவான் ஷிகாய் நடத்திய சிங் வீரர்கள் சுமார் 1,500 பேர், ஜப்பானியத் தூதரகக் காவலர்கள் சுமார் 150 பேர். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. எனக்கு இந்த ஆறு காரணங்களில் ஒரு படைத்தலைவரின் கண்தான் தெரிகிறது. நோக்கம் சரியா தவறா என்பதைவிட, ஆள் எத்தனை, துணை யார், எத்தனை நாள் தாங்கும் என்றே பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்.

அப்போ இவருக்குத் தண்டனை கிடைக்கலையா?

கிடைத்தது, ஆனால் உயிர் தப்பியது. தெற்கே ஜெல்லா பகுதியில் உள்ள நுங்ஜுவுக்கு நாடுகடத்தப்பட்டு 1894 வரை அங்கேயே இருந்தார்.

மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால் இது எவ்வளவு லேசான தண்டனை என்று புரியும். கவிழ்ப்பை நடத்தியவர்களில் ஒருவரான ஹோங் யோங்-சிக் அந்த மூன்றாம் நாளே கொல்லப்பட்டார். ஒரு காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த அவருடைய அப்பா உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்களில் இன்னொருவரான சோ ஜே-பில் அமெரிக்கா தப்பினார், அவர் மனைவி உயிர்விட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சின்னக் குழந்தையும் இறந்தது. கிம் ஓக்-க்யூன் பத்து ஆண்டுகள் ஜப்பானில் அலைந்து 1894 மார்ச்சில் ஷாங்காயில் சுட்டுக் கொல்லப்பட்டார். சதியில் நேரடியாகக் கைவைக்காததும், அரசர் கோஜோங்குக்கு இவர்மேல் இருந்த நம்பிக்கையும்தான் உங்-நியோலைக் காப்பாற்றின.

மகன் சி-ஹோ அப்போ எங்க இருந்தார்?

கவிழ்ப்பு நடந்த சமயம் தலைநகர் சோலில்தான். 1883இல் முதல் அமெரிக்கத் தூதர் லூஷியஸ் ஃபுட் வந்தபோது மொழிபெயர்ப்பாளராக அவருடன் திரும்பியிருந்தார், பதினெட்டு வயது. கவிழ்ப்புக்குப் பின் ஊரில் இருப்பது ஆபத்து என்று 1885 தொடக்கத்தில் ஷாங்காய் போனார். அங்கே படித்து, கிறிஸ்தவராகி, பிறகு அமெரிக்காவில் வாண்டர்பில்ட், எமரி பல்கலைக்கழகங்களில் படித்தார். ஷாங்காயில் மா என்ற குடும்பப்பெயருள்ள சீனப் பெண்ணை மணந்தார்.

1895இல்தான் நாடு திரும்பினார். அப்பா ஒரு மூலையில் காவலில், மகன் உலகின் மறுகோடியில் என்று பத்து ஆண்டுகள் போயின.

1894க்கு அப்புறம் என்ன ஆனார்?

அந்த ஆண்டு தொடங்கிய, காபோ என்ற அரசுச் சீர்திருத்தம் அவரைத் திரும்ப அழைத்தது. காவல்துறைத் தலைவர் ஆனார். ஆனால் 1895 அக்டோபர் 8 அன்று அரசி மின் அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியர் கையால் கொல்லப்பட்டார். அரசர் கிட்டத்தட்டக் கைதி. நவம்பர் 28 அன்று, சுன்செங்முன் என்ற வாசல் வழியாகப் புகுந்து அரசரை மீட்டு வெளியே கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. அதில் உங்-நியோல் பங்கெடுத்தார். உள்ளிருந்து கதவைத் திறப்பதாகச் சொன்னவர் காலை வாரியதால் திட்டம் குலைந்தது. அவர் ஷாங்காய்க்குத் தப்பினார்.

சில மாதங்களில் அரசரே ரஷ்யத் தூதரகத்துக்குள் போய்விட, நிலைமை தலைகீழானது. உங்-நியோல் திரும்பினார். 1896இல் மாகாணங்களை மாற்றி அமைத்தபோது குவாங்ஜுவைத் தலைநகராகக் கொண்ட தெற்கு ஜெல்லாவின் முதல் ஆளுநர் அவர்தான். அதே ஜெல்லா மண்ணில்தான் சில ஆண்டுகளுக்கு முன் நாடுகடத்தப்பட்டுக் கிடந்தார். பிறகு சட்ட அமைச்சர், ராணுவ அமைச்சர்.

அப்பாவும் மகனும் ஒரே கருத்தா?

திசை ஒன்று, நடை வேறு. சி-ஹோ 1898இல், சீர்திருத்தம் கோரிய சுதந்திரக் கழகத்தின் தலைவர். சோல் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் கூடி, அமைச்சர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்ட பொதுக்கூட்டங்கள் நடந்தன. அப்பா அரசு அதிகாரத்தின் உள்ளே இருந்தபடி மெல்ல நகர்த்த வேண்டும் என்பவர். அந்த ஆண்டு முடிவில் அரசர் கழகத்தைக் கலைத்துத் தலைவர்களைத் தேடிப் பிடித்தபோது, மகனைச் சிறைக்குப் போகவிடாமல் வொன்சான் துறைமுகப் பகுதியில் ஒரு பதவி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தவர் அப்பாதான்.

மகனுக்கு இதில் மனவருத்தம் இருந்தது. நண்பர்கள் சிறையில் இருக்கும்போது தான் பதவியில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் 1884இல் நண்பர்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்த ஒரு தகப்பன் வேறு எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சி-ஹோ மூத்த மனைவியோட மகன் இல்லைன்னு சொல்றாங்களே?

ஆமாம். சி-ஹோவின் தாய் ஜியோன்ஜு யீ குலத்தைச் சேர்ந்தவர், இளைய தாரம். ஜோசோன் சட்டப்படி இளைய தாரத்துப் பிள்ளைகளுக்கு இலக்கியத் தேர்வும் உயர்பதவியும் நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தன. முன்பு சொன்ன 1894 சீர்திருத்தங்கள்தான் இந்தப் பாகுபாட்டைச் சட்டத்திலிருந்து எடுத்தன. அந்த வகையில் உங்-நியோலுக்குச் சீர்திருத்தம் என்பது தன் வீட்டு விஷயமும்கூட.

பின்னால் இன்னொரு தாரத்தின் வழியாக இரண்டு மகன்கள் பிறந்தார்கள்: 1895இல் சி-வாங், 1899இல் சி-சாங். அண்ணனுக்கும் கடைசித் தம்பிக்கும் முப்பத்து நான்கு வயது வித்தியாசம். சி-வாங் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்து மகப்பேறு மருத்துவராகி, பிறகு தென்கொரிய ராணுவ மருத்துவப் பிரிவில் உயர் பொறுப்பு வகித்தார். சி-சாங் தென்கொரியாவின் சார்பில் பிரிட்டனுக்குப் போன முதல் தூதர். அவர் மனைவி ஜின்-சில், நாடு கடந்த கொரியர்கள் ஷாங்காயில் அமைத்த தற்காலிக அரசின் பேரவைத் தலைவராக இருந்த பாதிரியார் சோன் ஜோங்-டோவின் மகள். ஜப்பானியப் பட்டம் வாங்கியவரின் மகன், ஜப்பானை எதிர்த்து நாடு விட்டுப் போனவரின் மகளை மணந்தார். கொரியக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் இப்படி நிறைய நடந்தது.

எல்லார் பேரும் சி-ஹோ, சி-சோ, சி-யோங்னு ஒரே மாதிரி இருக்கு. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

தலைமுறை எழுத்தைப் பிடித்தால் சுலபம். ஒரே தலைமுறை ஆண்கள் பெயரில் ஓர் அசை பொதுவாக இருக்கும். உங்-நியோலும் அவர் தம்பி யோங்-நியோலும் "நியோல்" தலைமுறை. அவர்கள் பிள்ளைகள் எல்லாம் "சி". பேரன்கள் "சொன்": போ-சொன், இல்-சொன், யோங்-சொன். பெயரைப் பார்த்தவுடன் எந்தப் படியில் இருப்பவர் என்று சொல்லிவிடலாம்.

ஜனாதிபதி யுன் போ-சொன் இவருக்கு என்ன உறவு?

தம்பியின் பேரன். தம்பி யோங்-நியோல் அண்ணனைவிடப் பதினான்கு வயது இளையவர், அவரும் படைத்தலைவர். அவருக்கு ஆறு மகன்கள். இரண்டாவது மகன் சி-சோ, அவர் மகன் போ-சொன். ஆக, உங்-நியோல் ஜனாதிபதிக்குப் பெரிய தாத்தா, சி-ஹோ ஒன்றுவிட்ட பெரியப்பா. நம் உறவுமுறைச் சொற்கள் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

போ-சொன் 1897இல் பிறந்தார், எடின்பரோவில் படித்தார், 1960 ஆகஸ்டில் ஜனாதிபதி ஆனார், ராணுவப் புரட்சிக்குப் பின் 1962 மார்ச்சில் பதவி விலகினார். 1963 தேர்தலில் அந்தப் புரட்சியின் தலைவர் பார்க் சுங்-ஹீயிடம் சுமார் ஒன்றரை லட்சம் வாக்குகளில்தான் தோற்றார். அதே சமயம் அவருடைய சித்தப்பா சி-யோங் எதிரணியில், பார்க்கின் கட்சியில் முன்னணியில் இருந்தார். சி-யோங் தென்கொரியாவின் முதல் உள்துறை அமைச்சர், பின்னாளில் சோல் மேயர். இந்தச் சித்தப்பா அண்ணன் மகனைவிடச் சில மாதம் சின்னவர்.

அந்த ஆறு பேரில் மூத்தவர் சி-ஓவின் மகன் இல்-சொன், நோய்க்கூறியல் அறிஞர், சோல் தேசியப் பல்கலைக்கழகத் தலைவர். சி-ஹோவின் மகன் யோங்-சொன் விவசாய அமைச்சர் ஆனார்.

தேசிய கீதத்தை சி-ஹோ எழுதினார்னு சொல்றது உண்மையா?

முடிவாகாத விஷயம். 1908இல் சி-ஹோ தொகுத்த பாடல் புத்தகத்தில் இந்த வரிகள் இருக்கின்றன. 1955இல் அரசுக் குழு ஒன்று விசாரித்தபோது பதினொரு பேர் அவர்தான் என்றார்கள், இரண்டு பேர் ஏற்கவில்லை. ஒருமனதாக இல்லாததால் ஆசிரியர் பெயர் இல்லாமலே விட்டுவிட்டார்கள். விடுதலை இயக்கத் தலைவர் ஆன் சாங்-ஹோ எழுதினார் என்று உறுதியாக நம்புகிறவர்களும் உண்டு.

1907 கடன் அடைக்கும் இயக்கத்துல பணத்தைப் பற்றி ஏதோ தகராறுன்னு கேள்விப்பட்டேன். அதுல இவர் எங்க வர்றார்?

1907 பிப்ரவரியில் தேகு நகரில் தொடங்கிய இயக்கம் அது. கொரிய அரசு ஜப்பானிடம் பட்ட கடன் 1 கோடியே 30 லட்சம் வொன். இரண்டு கோடி மக்களும் மூன்று மாதம் புகையிலையை விட்டு, ஆளுக்கு மாதம் இருபது ஜோன் (நூறு ஜோன் ஒரு வொன்) மிச்சம் பிடித்தால் ஏறக்குறைய அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பெண்கள் மோதிரத்தையும் கொண்டையூசியையும் கழற்றிக் கொடுத்தார்கள். படிக்கும்போதே நெஞ்சு நெகிழும்.

நன்கொடைகளை ஒருங்கிணைத்த மத்திய அலுவலகத்துக்கு உங்-நியோல் தலைவர் ஆனார். இயக்கத்துக்குக் குரல் கொடுத்த பத்திரிகையை நடத்தியவர் பெத்தெல் என்ற ஆங்கிலேயர், அவருடன் இருந்தவர் யாங் கி-டாக். 1908இல் ஜப்பானிய அதிகாரிகள் பணத்தைக் கையாடினார் என்று யாங்கைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது. இந்தச் சமயத்தில், முப்பதாயிரம் வொன்னை பெத்தெல் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு உங்-நியோல் பெயரில் ஒரு மனு போனது. பொறுப்பில் இருப்பவர் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் இயக்கத்தைக் கெடுக்கக் காத்திருந்தவர்கள் கையில் அது ஆயுதமாகப் போனது. மக்களின் நம்பிக்கை உடைந்தது, பணம் வருவது நின்றது. 1884இல் பின்விளைவுகளை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர் இதைப் பார்க்கத் தவறியதுதான் எனக்கு வருத்தம்.

1910இல பட்டம் வாங்கினார்தானே? அப்போ துரோகிதானே?

வாங்கினார். கொரியாவை இணைத்துக்கொண்டதும் ஜப்பான் 76 பேருக்குப் பிரபுப் பட்டம் அறிவித்தது. உங்-நியோலுக்குக் கிடைத்தது அதில் கடைசிப் படியான பாரன் பட்டம். தென்கொரியாவில் 2000களில் தொகுக்கப்பட்ட ஜப்பான் ஆதரவாளர் பட்டியல்களில் அவர் பெயர் இருக்கிறது.

"வேறு வழியில்லை, எல்லாரும் வாங்கினார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. யூ கில்-ஜுன் வேண்டாம் என்றார். ஹான் க்யூ-சோல் வேண்டாம் என்றார். கிம் சோக்-ஜின் பட்டத்தை ஏற்க மனமில்லாமல் உயிரையே விட்டார். மறுக்க முடிந்தது, மறுத்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு பக்கம், முழு வாழ்க்கையையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்குவதும் சரியில்லை. 1895இல் ஜப்பானியப் பிடியிலிருந்து அரசரை மீட்க உயிரைப் பணயம் வைத்தவரும் இவரேதான். தோற்கும் பக்கம் நிற்காதே என்று கணக்குப் போடும் பழக்கம் 1884இல் அவரைக் காப்பாற்றியது, 1910இல் அதே பழக்கம் அவரைத் தலைகுனிய வைத்தது. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பட்டம் பிள்ளைக்கும் போச்சா?

போய், பறிபோனது. 1911 செப்டம்பரில் உங்-நியோல் இறந்ததும் சி-ஹோ வாரிசாகப் பெற்றார். 1912 பிப்ரவரியில், கொரியாவை ஆண்ட ஜப்பானிய கவர்னர் ஜெனரல் தெராவுச்சியைக் கொல்லச் சதி என்று ஜோடித்த வழக்கில் கைதானார். கீழ் நீதிமன்றம் 105 பேருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் 99 பேர் விடுதலை. மிஞ்சிய ஆறு பேரில் சி-ஹோ ஒருவர். 1913இல் பட்டம் ரத்தானது, 1915இல் விடுதலையானார்.

வருத்தமான பகுதி அதன் பிறகுதான். 1930களின் பின்பகுதியிலிருந்து அவர் ஜப்பானியப் போர் முயற்சிக்கு வெளிப்படையாக ஆதரவு கொடுத்தார். 1945இல் ஜப்பானிய மேலவையில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நாடு விடுதலையான அதே ஆண்டு டிசம்பரில் கேசோங்கில் இறந்தார்.

இவங்க வாழ்ந்த வீடு எதையாவது இன்னிக்குப் பார்க்க முடியுமா?

சோலின் புவாம்-டோங் பகுதியில், பழைய நகர மதிலின் சாங்குய்முன் வாசலுக்கு வெளியே, உங்-நியோலின் கோடை வீடு நிற்கிறது. 1900களில் நகருக்குள் தொற்றுநோய் பரவியபோது ஒதுங்கி இருக்கக் கட்டியது, 1906இல் முடிந்தது. முதலில் எழுந்தது மேற்கத்திய பாணியில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் மட்டும்தான். அவர் காலத்துக்குப் பின் மகன் சி-சாங் பக்கத்திலேயே ஓடு வேய்ந்த மரபான கொரிய வீட்டைச் சேர்த்துக் கட்டினார். பொதுவாகப் பழைய கொரிய வீட்டோடு பிற்காலத்தில் மேற்கத்தியக் கட்டடம் ஒட்டிக்கொள்ளும். இங்கே வரிசை மாறியிருக்கிறது.

தம்பி வழிக் குடும்பத்தின் வீடுகளும் உண்டு. ஆசானில் போ-சொன் பிறந்த வீடு, சோல் ஆங்குக்-டோங்கில் அவர் வாழ்ந்த வீடு இரண்டும் பாதுகாக்கப்பட்டவை.

இவ்வளவும் மகன் நாட்குறிப்பை வச்சுத்தான்னா, அதை நம்பலாமா? அப்பாவை விட்டுக்கொடுக்காமத்தானே எழுதுவார்?

நல்ல கேள்வி, கடைசியில் வைத்ததும் அதனால்தான். சி-ஹோ 1883 தொடங்கி 1943 வரை, இடைவெளிகளோடு எழுதினார். முதலில் செவ்வியல் சீனத்தில், பிறகு கொரிய மொழியில், 1889 டிசம்பரிலிருந்து பெரும்பாலும் ஆங்கிலத்தில். பதவிகள், தேதிகள், தண்டனைகள் எல்லாம் அரசு ஆவணங்களிலும் இருக்கின்றன, அவற்றுக்கு நாட்குறிப்பை நம்பி நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நடந்த பேச்சுக்குத்தான் அது ஒரே சாட்சி.

அந்த ஆறு காரணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்ப்பு தோற்ற பிறகு, "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று காட்டிக்கொள்ள வேண்டிய தேவை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதே சமயம், உங்-நியோலின் பெயரைத் தாங்கிய புது அமைச்சரவையை அந்த மூன்று நாளும் அவர் கட்டிக் காக்கப் போகவில்லை என்பதும், ஆட்சி திரும்பிய பின் தலை போகாமல் நாடுகடத்தலோடு விட்டார்கள் என்பதும் நாட்குறிப்புக்கு வெளியே உள்ள செய்திகள். அவை மகன் எழுதியதோடு ஒத்துப்போகின்றன. சொற்கள் அப்படியே அப்பாவுடையவையா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். எண்ணம் அவருடையதுதான் என்று ஏற்கிறேன்.